ஆபரேஷன் நல்லா முடிஞ்சது, வார்டுலதான் தொற்று வந்தது: கூட இருக்கிறவங்க எதைக் கவனிக்கணும்?

தண்டையார்பேட்டை மகள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு எழுபது வயசு நெருங்குது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணினோம். ஆபரேஷன்ல ஒரு குறையும் சொல்ல முடியாது. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி ‘பிளேட் நல்லா உட்கார்ந்திருக்கு’ன்னு சொன்னார். அடுத்த சில நாள்ல குளிர் நடுக்கத்தோட காய்ச்சல். ராத்திரியில இல்லாத ஆளோட பேச ஆரம்பிச்சாங்க. டெஸ்ட் எடுத்துட்டு, யூரின்ல இன்ஃபெக்‌ஷன், ரத்தத்துலயும் கலந்திருக்குன்னாங்க. அங்கிருந்து ஐசியூ. இப்ப தேறி வீட்டுக்கு வந்துட்டாங்க, ஆனா நடை இன்னும் வரலை.

என் மனசை விட்டுப் போகாத ஒண்ணு. எக்ஸ்ரேவுக்குக் கூட்டிட்டுப் போறப்ப ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினவர், யூரின் பேகைத் தூக்கி அம்மா வயித்து மேலேயே வச்சுட்டார். பேக் பாதிக்கு மேல நிறைஞ்சிருந்தது. லிஃப்டுக்காக நின்ன நேரமெல்லாம் ட்யூப்ல இருந்த மஞ்சத் தண்ணி உடம்புப் பக்கமா திரும்பிப் போய்க்கிட்டே இருந்தது. இது சரியான்னு கேட்க அங்க ஆள் இல்லை.

அப்புறம் விசாரிச்சப்ப, ‘ஹாஸ்பிடல் இன்ஃபெக்‌ஷன்மா, சகஜம்தான்’னு முடிச்சுட்டாங்க. உண்மையிலேயே சகஜமா? அடுத்த மாசம் மாமாவுக்கு ஸ்டான்லியில ஹெர்னியா ஆபரேஷன். அவருக்குச் சர்க்கரை வேற இருக்கு. இந்தத் தடவை கூட இருக்கப் போறது நான்தான். தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

ஐசியூ சிஸ்டர்

அம்மா தேறி வந்ததுல ரொம்ப சந்தோஷம்மா. நான் பல வருஷமா ஐசியூல வேலை பார்க்கிறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அட்மிட் ஆகும்போது இல்லாம, சேர்ந்து 48 மணி நேரம் கழிச்சுத் தெரியற தொற்றைத்தான் பொதுவா ஆஸ்பத்திரித் தொற்றுன்னு கணக்கு வைப்பாங்க. பெரும்பாலும் நாலு விதம்: யூரின் ட்யூப் வழியா வர்றது, கழுத்துலயோ நெஞ்சுலயோ பெரிய ரத்தக்குழாய்ல போடுற சென்ட்ரல் லைன்ங்கிற ட்யூப் வழியா ரத்தத்துக்குப் போறது, வென்டிலேட்டர் போட்டவங்களுக்கு வர்ற நிமோனியா, ஆபரேஷன் பண்ணின இடத்துல சீழ் பிடிக்கிறது. இதுல மூணு நாமளே உடம்புக்குள்ள சொருகுற ட்யூபால வருது. அதைத்தான் நீங்க முதல்ல மனசுல வாங்கிக்கணும்.

யூரின் ட்யூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீர்ல கிருமி சேருற வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். பத்து நாள் விட்டா எவ்வளவு ஆகும்னு கூட்டிப் பாருங்க. கிருமி சேர்ந்தவங்க எல்லாருக்கும் நோய் வராது, மருந்தும் தேவைப்படாது. ஆனா வயசானவங்களுக்கு அது ரத்தத்துல ஏறிட்டா, அம்மாவுக்கு வந்த மாதிரி காய்ச்சலோட குழப்பமும் வரும்.

பேகை வயித்து மேல வச்சது தப்புதான், சந்தேகமே இல்லை. பேக் எப்பவும் மூத்திரப்பைக்குக் கீழ்மட்டத்துல இருக்கணும், தரையிலயும் படக்கூடாது. பேஷன்ட்டை நகர்த்தறதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டு, ஸ்ட்ரெச்சர் ஓரக் கம்பியில கீழே தொங்க விடணும்.

மாமா விஷயத்துல தினமும் ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘சார், இந்த ட்யூப் இன்னைக்கும் தேவைப்படுதா?’ ட்ரிப்ஸ் ஏத்த கையில போட்டிருக்கிற ஊசிக்கும் (வென்ஃப்ளான்) இதே கேள்விதான். ட்ரிப்ஸ் நின்ன பிறகும், ‘எதுக்கும் இருக்கட்டும்’னு நாள் கணக்குல விட்டு வைக்கிற கை ஊசியைத்தான் நான் அதிகமா பார்க்கிறேன். அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, தொட்டா வலிச்சாலோ உடனே சொல்லுங்க, எடுத்துடுவாங்க.

காசிமேட்டான்

சிஸ்டர், கேள்வி கேளுங்கன்னு நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க. எங்க அப்பாவோட நான் இருந்த வார்டுல (இடம் சொல்ல விரும்பல) ஒருத்தர் ஒரே கிளவ்ஸோட அஞ்சாறு பெட் பார்த்தார். பக்கத்து பெட் தாத்தாவோட புண்ணைத் தொட்டார், அப்படியே வந்து எங்க அப்பா கை ஊசியைத் தட்டிப் பார்த்தார். மீன் அறுத்த கையோட பூ கட்ட உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. ‘கிளவ்ஸ் மாத்துங்க சார்’னு சொன்னேன். ‘நீ டாக்டருக்குப் படிச்சியா’ன்னு கேட்டார். அதுக்கு மேல என்ன பேசுறது? பெட்ல படுத்திருக்கிறது எங்க அப்பா. சண்டை போட்டா நாளைக்கு அவரை யார் பார்ப்பாங்க? இந்தப் பயம்தான் எல்லார் வாயையும் கட்டிப் போடுது.

ராயபுரம் வாத்தியார்

தம்பி காசிமேட்டான் சொன்னதைப் படித்ததும் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றை மருத்துவர்களும் மாணவர்களும் நடத்தினார்கள், மற்றொன்றை மருத்துவச்சிகள். மருத்துவர்களின் வார்டில்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு அதிகமாக இறந்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைத் தேடினார். 1847இல் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர் பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அதே அறிகுறிகளோடு இறந்தபோது விடை கிடைத்தது. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் கைகள்தான் நோயைக் கொண்டுவந்தன. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கியது.

ஆனாலும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. ‘எங்கள் கை அசுத்தம் என்கிறாயா’ என்ற கோபம் அதற்கு ஒரு காரணம். அந்த வேலையும் அவரிடம் நிலைக்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். கையைக் கழுவச் சொன்னால் படித்தவருக்கு வரும் கோபம் அன்றே தொடங்கிவிட்டது. இங்கே ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ மருத்துவமனையில் பிறந்தவர்கள் நிறையப் பேர் இருப்போம். நம் தாய்மார்கள் நம்மைத் தூக்கிக்கொண்டு நலமாக வீடு திரும்பியதில் கை கழுவும் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் தம்பி, நீங்கள் கேட்டது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டே ஆக வேண்டியது.

லேப்காரன்

வாத்தியார் சார் எழுதினதுக்கு நன்றி. நான் மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன். ரெண்டு விஷயம் சேர்க்கணும்.

கிளவ்ஸ் போட்டவரோட கையைத்தான் காப்பாத்துது. அதே கிளவ்ஸோட அடுத்த பெட்டுக்குப் போனா, அடுத்த பேஷன்ட்டுக்கு வெறும் கையும் ஒண்ணுதான், கிளவ்ஸும் ஒண்ணுதான். ஆளுக்கு ஆள் மாத்தணும், கழட்டின பிறகு கையையும் சுத்தம் பண்ணணும். உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு அஞ்சு நேரம் சொல்லுது: பேஷன்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி, ஊசி டிரெஸ்ஸிங் மாதிரி வேலைக்கு முன்னாடி, ரத்தமோ சிறுநீரோ படற வேலைக்கு அப்புறம், பேஷன்ட்டைத் தொட்ட பிறகு, அவரைச் சுத்தி இருக்கிற பொருளைத் தொட்ட பிறகு. கடைசியா சொன்னதைத்தான் நிறையப் பேர் மறக்கிறாங்க. கட்டில் கம்பி, ட்ரிப்ஸ் ஸ்டாண்டு, மானிட்டர் பட்டன், செல்போன் எல்லாம் இதுல சேர்த்தி. அசினெட்டோபாக்டர்னு ஒரு கிருமி காய்ஞ்ச பரப்புல வாரக்கணக்குல உயிரோட இருக்கும்.

சானிடைசர்னா கை முழுக்கப் படற அளவுக்கு எடுத்து 20–30 விநாடி தேய்க்கணும். சோப்புன்னா மொத்தம் 40–60 விநாடி. வார்டுல யாருக்காவது ஆன்டிபயாடிக் எடுத்துட்டு விடாம வயித்துப்போக்கு இருந்தா, அங்க சானிடைசரை நம்பாதீங்க. அதுக்குக் காரணமா இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம்ங்கிற கிருமியோட வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் தண்ணியும்தான்.

அடுத்தது, ஆஸ்பத்திரிக் கிருமி ஏன் இவ்வளவு முரட்டுத்தனமா இருக்கு? சதா ஆன்டிபயாடிக் ஓடுற இடத்துல, அந்த மருந்துக்குத் தப்பினது மட்டும்தான் மிஞ்சும். க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர்னு இந்த மூணு கிருமியையும் லேப்ல நாங்க தினமும் பார்க்கிறோம். பேஷன்ட் வீட்டாருக்கு ‘மெரோபெனம்’ங்கிற பலமான ஆன்டிபயாடிக்கோட பேர் பழகியிருக்கும். அதையே உடைச்சுப் போடுற என்டிஎம்-1 நொதி பத்தி 2010ல லான்செட் குழுமத்து மருத்துவ இதழ் ஒண்ணுல வந்த ஆய்வுல, சென்னையில கிடைச்ச 44 கிருமி மாதிரிகள் இருந்துச்சு. அதை எழுதினவங்கள்ல முதல் பேரா இருந்தவரே சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். அந்த நொதிக்கான மரபணு ஒரு வகைக் கிருமியில இருந்து வேற வகைக்குத் தாவும். அதுக்கு அப்புறம் மிஞ்சுறது கொலிஸ்டின் மாதிரி ஒண்ணு ரெண்டு மருந்துதான், அதுவும் கிட்னியைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கணும்.

இதைக் கட்டுப்படுத்தணும்னு 2012ல மருத்துவச் சங்கங்கள் இங்க கூடி ‘சென்னைப் பிரகடனம்’ கொண்டுவந்தாங்க. 2014 மார்ச்ல, சில மருந்துகளோட விற்பனையைக் கட்டுப்படுத்துற எச்1 அட்டவணை அமலுக்கு வந்துச்சு. சில மாத்திரை அட்டையில சிவப்புக் கட்டம் போட்டிருக்கும் பாருங்க, அதை மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம தரக்கூடாது, வாங்கினவர் பேரைப் பதிவேட்டுல எழுதணும். சளிக்கெல்லாம் நாமளே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுறதும் இந்தக் கதையில ஒரு பங்கு. வீட்டுலயே முரட்டுக் கிருமியைக் குடல்ல சுமந்துக்கிட்டு ஆபரேஷனுக்கு வர்றவங்க இருக்காங்க.

ஒரு வேண்டுகோள்: தொற்றுன்னு சந்தேகம் வந்தா, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போடறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) ரத்தம் எடுத்தாங்களான்னு கேளுங்க. மருந்து போட்ட பிறகு எடுத்தா பல தடவை கிருமி வளராது. எந்த மருந்து வேலை செய்யும்னு எங்களால சொல்ல முடியாமப் போயிடும்.

வியாசர்பாடி அக்கா

நான் ஹவுஸ்கீப்பிங்ல கான்ட்ராக்ட் வேலை பாக்குறேன். எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். டாக்டர் கை, சிஸ்டர் கைன்னு எல்லாரும் பேசுறீங்க, எங்க கையையும் சொல்லுங்க.

ஒரு வாளித் தண்ணியில மொத்த வார்டையும் துடைச்சா அழுக்கை ஒரு கட்டில்ல இருந்து இன்னொரு கட்டிலுக்குக் கொண்டுபோறோம்னு அர்த்தம். மூணு வாளி முறைன்னு ட்ரெயினிங்ல சொல்லித் தந்தாங்க. ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல அலச நல்ல தண்ணி, ஒண்ணுல மருந்துத் தண்ணி. ஆளு பத்தாத ஷிஃப்ட்ல அவசரப்படுத்துனா முதல்ல அடிபடுறது இந்த முறைதான். ரத்தம் சிந்துனா வெறும் துணியால துடைக்கக் கூடாது. ஹைப்போன்னு ஒரு குளோரின் மருந்தை ஊத்தி கொஞ்ச நேரம் விட்டுத்தான் துடைக்கணும்.

கவர் கலர் எதுக்குன்னு பொதுமக்களுக்கும் தெரியணும். ரத்தம், சீழ் பட்ட பஞ்சு, கட்டுத் துணி மஞ்சள்ல. ட்ரிப்ஸ் ட்யூப், யூரின் பேக் மாதிரி பிளாஸ்டிக் சிவப்புல. ஊசி, பிளேடு குத்தாத வெள்ளை டப்பாவுல. கண்ணாடி பாட்டில் நீலத்துல. 2016ல வந்த சட்டம். ஆனா பேஷன்ட் கூட இருக்கிறவங்க சாப்பிட்ட இலை, டீ கப்பு எல்லாத்தையும் கிட்ட இருக்கிற மஞ்சள்ல போட்டுர்றாங்க. அதை நாங்க கையை விட்டுப் பிரிக்கிறோம். அந்தக் குப்பைக்குள்ள ஒரு ஊசி கிடந்தா? என் கூட வேலை செஞ்ச பொண்ணுக்குக் கிளவ்ஸைத் தாண்டி குத்திருச்சு. மாசக்கணக்குல பயந்து பயந்து ரத்த டெஸ்ட் எடுத்துச்சு. தயவு செஞ்சு சாப்பாட்டுக் குப்பையை அதுக்குன்னு இருக்கிற தொட்டியில போடுங்க.

லேப்காரன்

அக்கா சொன்னதைப் பொதுமக்கள் மட்டும் இல்ல, நிர்வாகத்துல இருக்கிறவங்களும் படிக்கணும். ஹெபடைடிஸ் பி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினா, தடுப்பூசி போடாதவங்களுக்கு 30 சதவீதம் வரைக்கும் தொற்ற வாய்ப்பு. எச்ஐவிக்கு 0.3 சதவீதம்தான். அக்கா, நீங்களும் கூட இருக்கிறவங்களும் ஹெபடைடிஸ் பி ஊசி மூணு டோஸும் போட்டிருக்கீங்களா? போடலைன்னா சூப்பர்வைசரைக் கேட்டு வாங்குங்க. கான்ட்ராக்ட் ஆளா பர்மனென்ட் ஆளான்னு ஊசி பார்த்துக் குத்தறதில்லை. குத்திட்டா பிழிஞ்சு ரத்தம் எடுக்காம, சோப்புத் தண்ணியில கழுவிட்டு உடனே கேஷுவாலிட்டிக்கு ஓடுங்க. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வியாசர்பாடி அக்கா

எனக்கு ரெண்டு டோஸ் போட்டாங்க தம்பி. மூணாவதுக்குக் கேக்குறேன்.

கொருக்குப்பேட்டை பாலு

எல்லாம் சரி, ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடில்லை. தொற்று தொற்றுன்னு சொல்லி சொந்தக்காரங்களையே உள்ள விடாதேங்கிறாங்க. எங்க தெருவுல ஒருத்தர் படுத்தா தெருவே போய்ப் பார்க்கும். பார்க்கலைன்னா மனஸ்தாபம் வரும். நாலு பேர் முகத்தைப் பார்த்தாத்தான் நோயாளிக்குத் தெம்பு.

ஐசியூ சிஸ்டர்

பாலு அண்ணே, உங்க மனசு புரியுது. கூட ஒரு ஆள் இருக்கிறது வேணும்னு நானே சொல்வேன். ஒரு சிஸ்டர் நிறைய பெட் பார்க்கிற இடத்துல, காய்ச்சல் அடிக்குதுன்னு முதல்ல கவனிக்கிறது அந்த ஆள்தான். ஆனா தெருவே வரும்போது என்ன நடக்குது? பஸ்ல கம்பி பிடிச்ச கையோட வந்து நேரா பேஷன்ட் கையைப் பிடிக்கிறாங்க. கட்டில்ல உட்கார்றாங்க, ஆபரேஷன் பண்ணின இடத்தை ‘காட்டு பார்ப்போம்’னு டிரெஸ்ஸிங்கைத் தூக்கிப் பார்க்கிறாங்க. இதை என் கண்ணால பார்த்திருக்கேன். சளி இருமல் இருக்கிறவங்களும் சின்னப் பசங்களும் வர வேண்டாம். மத்தவங்க டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டுல வந்து பார்க்கட்டும், அது வரைக்கும் போன்ல பேசட்டும்.

கொருக்குப்பேட்டை பாலு

டிரெஸ்ஸிங்கைத் தூக்கிப் பார்க்கிறது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா போன்ல விசாரிச்சா எங்க பெரியம்மா ஏத்துக்க மாட்டாங்க சிஸ்டர். கையைக் கழுவிட்டு ரெண்டு ரெண்டு பேரா போனா போதும்னுதான் நான் சொல்வேன்.

தண்டையார்பேட்டை மகள்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். சிஸ்டர், மாமாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டுலயே ஏதாவது செய்யணுமா? ‘முதல் நாளே ஷேவ் பண்ணிட்டுப் போயிடலாம்’னு மாமி சொல்றாங்க.

ஐசியூ சிஸ்டர்

ஷேவ் பண்ண வேண்டாம்மா! ரேசர் பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறையப் போடும், அதுல கிருமி உட்கார்ந்துக்கும். முடியை எடுத்தே ஆகணும்னா அங்கேயே கிளிப்பர் வச்சு எடுப்பாங்க. முதல் நாளோ அன்னைக்குக் காலையிலயோ சோப்பு போட்டு நல்லா குளிக்கட்டும், சுத்தமான துணி போடட்டும்.

சர்க்கரையை இப்ப இருந்தே கவனிங்க. ஆபரேஷன் சமயத்துல 200க்குக் கீழே இருக்கணும். கூடினா புண் ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம். பீடி சிகரெட் பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஒரு மாசம் அவகாசம் இருக்கிறது நல்லதாப் போச்சு. தொற்று வராம இருக்கப் போடுற ஆன்டிபயாடிக்கை, தோலைக் கீறுறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள போடுறதுதான் வழக்கம். ஆபரேஷனுக்கு அப்புறம் ‘சேஃப்டிக்கு’ன்னு நாள் கணக்குல தொடர்றதால கூடுதல் பாதுகாப்பு இல்லை. தொடர்ந்தா ஏன்னு கேளுங்க.

புண்ணுல மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். விபூதியை நெத்தியில மட்டும் வைக்கச் சொல்லுங்க. ஹெர்னியாவுக்கு வலை வச்சுத் தைச்சா, தொற்று 90 நாள் வரைக்கும் கூட வரலாம். வலை இல்லைன்னா 30 நாள். தையல் பிரிச்சாச்சுன்னு விட்டுடாதீங்க. சிவப்பு பரவுறது, சூடு, நாத்தம், நீர் கசியறது எது தெரிஞ்சாலும் போய்க் காட்டுங்க.

காசிமேட்டுத் தம்பிக்கும் ஒண்ணு சொல்லணும். ‘கிளவ்ஸ் மாத்துங்க’ன்னா உத்தரவு மாதிரி காதுல விழும். சானிடைசர் பாட்டிலைக் கட்டில் முனையில தொங்க விட்டுட்டு, ‘சார், அப்பாவை நினைச்சா பயமா இருக்கு, கிளவ்ஸைக் கழட்டிட்டு இதைப் போட்டுட்டுத் தொடுறீங்களா’ன்னு நீட்டிப் பாருங்க. பெரும்பாலானவங்க வாங்கிப் போட்டுக்குவாங்க. அப்பவும் கோபப்பட்டா வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போங்க. பல ஆஸ்பத்திரியில தொற்றுத் தடுப்புக்குன்னு தனியா ஒரு சிஸ்டரே இருப்பாங்க, அவங்களைக் கேட்டு வாங்கிப் பேசுங்க.

காசிமேட்டான்

இது நல்லா இருக்கு சிஸ்டர். அடுத்த தடவை இப்படித்தான் செய்வேன்.

மணலி புதுநகர்

‘சகஜம்தான்’னு சொன்னாங்களே, அதுக்கு யாரும் நேரா பதில் சொல்லலை. உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட அறிக்கையில, வசதியான நாடுகள்ல நூறு நோயாளிக்கு 7 பேர், நம்மள மாதிரி நாடுகள்ல 15 பேர் ஆஸ்பத்திரியில ஒரு தொற்றாவது வாங்குறாங்கன்னு இருக்கு. அப்படித் தொற்று வந்தவங்கள்ல பத்துல ஒருத்தர் அதனாலயே இறக்கிறாங்க. அதே அறிக்கையில, கை சுத்தமும் செலவு குறைஞ்ச மத்த வழிமுறைகளும் சரியா நடந்தா இதுல 70 சதவீதத்தைத் தடுக்கலாம்னும் இருக்கு. அடிக்கடி நடக்குதுங்கிறதுக்காக ஏத்துக்க வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டை சகோதரி, அம்மாவோட கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகலைக் கேட்டு எழுதிக் கொடுங்க. மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் கொடுக்கணும். யூரின் ட்யூப் என்னைக்குப் போட்டாங்க, என்னைக்கு எடுத்தாங்க, கல்ச்சர்ல என்ன வந்துச்சுன்னு அதுல இருக்கணும். அடுத்து எங்க போனாலும் அந்த கல்ச்சர் ரிப்போர்ட் உதவும். புகார் கொடுக்கிறதா இருந்தா அரசோட சுகாதார உதவி எண் 104க்கும் பேசிப் பாருங்க.

திருவொற்றியூர் பேரன்

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கணும். எங்க தாத்தாவுக்கு புராஸ்டேட் பிரச்சினை, யூரின் ட்யூபோடயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த செக்கப் வரைக்கும் இருக்கும்னாங்க. வீட்டுல எப்படிப் பார்த்துக்கிறது? டெட்டால் போட்டுத் துடைக்கணுமா?

ஐசியூ சிஸ்டர்

டெட்டால் வேண்டாம்ப்பா, எரியும், புண்ணாகும். தினமும் குளிக்கும்போது சாதா சோப்பும் தண்ணியும் போதும். ட்யூப் உடம்புக்குள்ள போற இடத்துல இருந்து வெளிப்பக்கமா துடைங்க, திருப்பித் துடைக்காதீங்க. தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நீங்க கை கழுவுங்க. ட்யூபைத் தொடையில பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைங்க, இழுபடாது. ட்யூபையும் பேகையும் தனியா கழட்டாதீங்க. பேக் முக்கால்வாசி நிறையற வரைக்கும் விடாம, பாதி தாண்டினதும் கீழே இருக்கிற குழாயைத் திறந்து காலி பண்ணுங்க. குழாய் முனை பாத்திரத்துல படக்கூடாது. கட்டில்ல படுக்கும்போதும் பேக் கட்டிலுக்குக் கீழே தொங்கட்டும், ஆனா தரையில உட்கார விடாதீங்க. டாக்டர் தண்ணியைக் குறைக்கச் சொல்லலைன்னா நல்லா குடிக்கக் கொடுங்க.

சிறுநீர் கலங்கலா இருக்குன்னு மட்டும் பயந்து நீங்களா மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புப் பக்கம் வலி, சிறுநீரே இறங்காம அடிவயிறு உப்பறது, தாத்தா சம்பந்தம் இல்லாமப் பேசறது — இதுல எது வந்தாலும் செக்கப் தேதிக்குக் காத்திருக்காம ராத்திரியா இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க.